புகைப்படச் சேமிப்புச் சேவைகள்: குப்பைத் தொட்டியை வைத்து ஒரு மதிப்புரை

புகைப்படங்களை இணையத்தில் சேமித்துவைக்கும் சேவைகளுக்கு எழுதப்படும் மதிப்புரைகள், எத்தனை ஜிபி இடம் இலவசம், கட்டணம் எவ்வளவு, முகங்களை அடையாளம் கண்டு பிரித்துத் தருகிறதா, தேடினால் கிடைக்கிறதா என்பவற்றோடு பெரும்பாலும் முடிந்துவிடுகின்றன. அழித்த படங்கள் போய்ச் சேரும் குப்பைத் தொட்டியைப் பற்றி அவற்றில் ஒரு வரி இருந்தாலே அதிகம். வீடு பார்க்கப் போகிறவர்கள் கூடத்தின் அகலத்தைப் பார்ப்பார்களே தவிர வடிகாலைப் பார்ப்பதில்லை. நானும் அப்படித்தான் ஒரு சேவையைத் தேர்ந்தெடுத்து ஆறு ஆண்டுகள் நிம்மதியாகப் பயன்படுத்திவந்தேன், ஏறத்தாழ ஓராண்டுப் படங்களை என் கையாலேயே அழித்துவிட்டு அதை 41ஆம் நாள் கண்டுபிடிக்கும்வரை. அதற்குப் பிறகு, பரவலாகப் பயன்படுத்தப்படும் நான்கு சேவைகளின் உதவிப் பக்கங்களையும் அமைப்புகளையும் ஒரே ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தேன்: தவறி அழித்துவிட்டால் இவற்றில் எது, எத்தனை நாள்வரை, எந்த அளவுக்குத் திருப்பித் தரும்? இந்த மதிப்புரை அந்தக் கேள்விக்கு மட்டும் உரியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். செல்பேசியில் இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. படங்கள்தாம் மேலே இணையச் சேமிப்பில் பத்திரமாக இருக்கின்றனவே, கையில் இருப்பவற்றை அழித்தால் என்ன என்று எண்ணி, ஒரு படத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து அப்படியே கீழே இழுத்து, 1,140 படங்களை ஒரே வீச்சில் தேர்ந்தெடுத்து நீக்கினேன். நடுவே ஒரு பெட்டி தோன்றி, இவை எல்லாக் கருவிகளிலிருந்தும் நீக்கப்படும் என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பெட்டியை நான் படித்தது ஆறு வாரம் கழித்து, இன்னொரு படத்தை வேண்டுமென்றே அழித்துப் பார்த்தபோதுதான். அந்தச் சேவையின் பெயரை இங்கே எழுதவில்லை, ஏனென்றால் விரலும் என்னுடையது, படிக்காத கண்ணும் என்னுடையது. ஆனால் அதன் தொட்டியின் ஆயுள் 30 நாள் என்பதையும், நான் 11 நாள் தாமதமாகப் போய் நின்றேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என்னைப் போன்றவர்கள் செய்யும் பிழைக்கு அடிப்படை, ஒத்திசைவு என்பதையும் காப்புப்பிரதி என்பதையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. பேச்சுவழக்கில் இரண்டையுமே நாம் பேக்கப் என்று சொல்லிவிடுகிறோம். காப்புப்பிரதி என்றால் ஓரிடத்தில் இருப்பதைப் பார்த்து இன்னோர் இடத்தில் ஒரு நகல் எடுத்து வைப்பது; மூலம் அழிந்தாலும் நகலுக்கு ஒன்றும் ஆகாது. ஒத்திசைவு என்றால் எல்லா இடங்களும் எப்போதும் ஒன்றுபோல இருக்குமாறு பார்த்துக்கொள்வது. அதில் சேர்த்தலைப் போலவே அழித்தலும் ஒரு மாற்றம்தான் என்பதால், அதையும் அந்தச் சேவை மிகுந்த விசுவாசத்தோடு எல்லாக் கருவிகளுக்கும் சில நொடிகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆக, ஒத்திசைவுச் சேவையில் தவறுக்கும் இழப்புக்கும் நடுவே நிற்கும் ஒரே தடுப்பு குப்பைத் தொட்டிதான். அதன் கடிகாரம் எத்தனை நாள் ஓடுகிறது, அதை யார் காலிசெய்ய முடியும், அதிலிருந்து எடுத்தால் படம் பழைய இடத்துக்கே திரும்புமா என்பவற்றை வைத்தே நான் ஒவ்வொன்றையும் அளந்தேன்.

கூகுள் ஃபோட்டோஸ் இந்த அளவுகோலில் முன்னால் நிற்கிறது. அதில் காப்புப்பிரதி எடுக்கப்பட்ட படத்தை நீக்கினால் அது தொட்டியில் 60 நாள் இருக்கும். நான்கு சேவைகளின் சாதாரணக் கணக்குகளில் இதுவே நீண்ட தவணை. அந்த 60 நாளுக்குள் தொட்டியைத் திறந்து மீட்டெடுத்தால், படம் நூலகத்துக்கும் செல்பேசியின் கேலரிக்கும் திரும்புவதோடு, முன்பு எந்தெந்த ஆல்பங்களில் இருந்ததோ அவற்றுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்தக் கடைசிச் செய்தியின் அருமை, ஆயிரம் படங்களை ஆல்பம் ஆல்பமாக அடுக்கிவைத்தவர்களுக்கே புரியும். ஆனால் இதில் ஒரு நுணுக்கம் ஒளிந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புள்ள செல்பேசியில், இன்னும் மேலே ஏற்றப்படாத படத்தை இதே செயலியில் நீக்கினால் தவணை 30 நாளாகச் சுருங்கிவிடும். வைஃபை கிடைக்கும்போது மட்டும் ஏற்றினால் போதும் என்று அமைத்துவைத்துவிட்டுப் பயணத்தில் இருப்பவர்கள், தங்களுக்கு 60 நாள் அவகாசம் இருப்பதாக எண்ணி ஏமாறக்கூடிய இடம் இது.

அதே செயலியில் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு கட்டளைகள் உள்ளன. ஒன்று, சாதாரணமாக நீக்குவது. அது மேலே உள்ள நகலையும் சேர்த்துத் தொட்டிக்கு அனுப்புகிறது. மற்றொன்று, கருவியிலிருந்து மட்டும் நீக்குவது, அல்லது மொத்தமாக இடத்தைக் காலிசெய்வது. அது பாதுகாப்பாக மேலே போய்ச் சேர்ந்தவற்றைச் செல்பேசியிலிருந்து மட்டும் எடுத்துவிட்டு, மேலிருக்கும் நகலைத் தொடாமல் விடுகிறது. நான் அன்று என் சேவையில் செய்ய நினைத்தது இந்த இரண்டாவதைப் போன்றது; செய்தது முதலாவதைப் போன்றது. இரண்டுக்கும் இடையே இவ்வளவு பெரிய வேறுபாடு இருக்கும்போது, ஒன்றைக் குப்பைத் தொட்டிப் படமாகத் திரையின் அடியில் கைக்கெட்டும் தூரத்திலும், மற்றதைப் பட்டியலுக்குள்ளும் வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

படம் காணவில்லை என்று பதறுவோர் உண்மையில் அதை அழித்திருக்கவே மாட்டார்கள் என்பதும் உண்டு. கூகுள் ஃபோட்டோஸில் காப்பகம் என்று ஒரு வசதி இருக்கிறது. அதில் போட்ட படம் முதன்மைப் பக்கத்திலிருந்து மறைந்துவிடும், ஆனால் தேடலிலும் ஆல்பத்திலும் இருக்கும். ஆப்பிளில் மறைக்கப்பட்டவை என்ற தனி ஆல்பம் உண்டு. ஒரே செல்பேசியில் இரண்டு மின்னஞ்சல் கணக்குகளை வைத்திருப்பவர்கள், ஒரு கணக்கில் ஏற்றிவிட்டு இன்னொன்றில் தேடிக்கொண்டிருப்பதும் வழக்கம். தொட்டியைக் கிளறுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுவதற்கு ஐந்து நிமிடம் போதும். என் தங்கை இழந்துவிட்டதாக அழுத ஒரு திருமணப் படத்தொகுப்பு, கடைசியில் அவளுடைய பழைய அலுவலகக் கணக்கில் அப்படியே இருந்தது.

கூகுள் ஃபோட்டோஸையும் கூகுள் டிரைவையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு குழப்பம். 15 ஜிபி இடத்தை இரண்டும் ஜிமெயிலோடு பகிர்ந்துகொண்டாலும் தொட்டிகள் வெவ்வேறு, கடிகாரங்களும் வெவ்வேறு. டிரைவில் நீக்கிய கோப்பு 30 நாள்தான் இருக்கும். 2020 அக்டோபருக்கு முன்பு நாமாகக் காலிசெய்யும்வரை எத்தனை காலமானாலும் கிடந்தது. பழைய வழக்கத்தை நம்பித் தொட்டியையே ஒரு பரணாகப் பயன்படுத்தியவர்கள் அந்த மாற்றத்தில் அடிபட்டிருப்பார்கள். 2019 ஜூலைவரை இவ்விரண்டுக்கும் இடையே படங்கள் தாமாகவே ஒத்திசைந்துகொண்டிருந்தன. இப்போது அந்தத் தொடர்பு இல்லை. ஆகவே டிரைவில் கோப்புறையாக வைத்த படத்தை ஃபோட்டோஸ் தொட்டியில் தேடிப் பயனில்லை.

ஆப்பிளின் ஐகிளவுட் ஃபோட்டோஸ் ஒத்திசைவின் தூய வடிவம். ஐபோனில் நீக்கினால் ஐபேடிலும் மேக்கிலும் இணையத்திலும் நீங்கும். நீக்கியவை, அண்மையில் நீக்கப்பட்டவை என்ற ஆல்பத்தில் 30 நாள் இருக்கும். ஒவ்வொரு படத்தின் அடியிலும் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று எழுதிவைத்திருப்பது இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். தொட்டி என்பது ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் என்பதைப் பயனருக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. ஐஓஎஸ் 16 முதல் அந்த ஆல்பம் முகம், விரல்ரேகை அல்லது கடவுக்குறியீடு இல்லாமல் திறக்காது என்பதால், கைக்குக் கிடைத்த செல்பேசியைக் குழந்தை நோண்டித் தொட்டியையும் காலிசெய்துவிடும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. மீட்பு வசதியைப் பற்றிப் பேசும்போது இந்தப் பூட்டை யாரும் குறிப்பிடுவதில்லை. எனக்கு இது 30 நாளை 40 நாளாக்கியதற்குச் சமமாகப் படுகிறது.

ஆனால் அதே சேவையில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. தொட்டியில் கிடப்பவையும் இடத்தை அடைத்துக்கொள்வதால், இலவசமாகக் கிடைக்கும் 5 ஜிபி நிரம்பியதும் பலர் முதலில் கைவைப்பது அந்தத் தொட்டியில்தான். அதோடு, ஒதுக்கப்பட்ட இடத்தைத் தாண்டிவிட்ட கணக்கில் நீக்கும் படங்கள், அண்மையில் நீக்கப்பட்டவை ஆல்பத்துக்கே வராமல் உடனடியாகப் போய்விடக்கூடும் என்று ஆப்பிளே எச்சரிக்கிறது. எண்ணிப் பாருங்கள்: ஒருவர் அவசர அவசரமாகப் படங்களை அழிப்பது எப்போது? இடம் நிரம்பியபோதுதானே? தொட்டி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது இல்லாமல் போகக்கூடும் என்பது, இந்த மதிப்புரைக்காகப் படித்தவற்றிலேயே என்னை அதிகம் திடுக்கிடவைத்த செய்தி.

இரண்டாவது பொறி, ஐகிளவுட் காப்புப்பிரதி என்ற பெயர். ஐகிளவுட் ஃபோட்டோஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அந்தக் காப்புப்பிரதியில் படங்கள் சேர்வதில்லை. அவை ஏற்கெனவே மேலே இருக்கின்றன என்பது காரணம். ஆகவே ஐபோனை அழித்துவிட்டுப் பழைய காப்புப்பிரதியிலிருந்து மீட்டமைத்தால் போன மாதத்துப் படங்கள் வந்துவிடும் என்று யாராவது சொன்னால், இந்த ஒன்றைச் சரிபார்க்காமல் செல்பேசியைத் துடைத்துவிட வேண்டாம். மேக் கணினியில் மூலப் படங்களை முழு அளவில் இறக்கிவைக்கும்படி அமைத்து, மேக்கிலேயே உள்ள காப்புப்பிரதி வசதியான டைம் மெஷின் வழியாக வெளி வட்டுக்கும் நகல் எடுத்துவருபவர்கள் மட்டுமே உண்மையில் பழைய நாளொன்றுக்குத் திரும்பிப் போக முடியும். இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பில் இருந்தால் அந்தக் கணினியில் இருப்பவை பெரும்பாலும் சிறு உருவங்கள்தாம்.

நீக்கியது உண்மையில் எங்கே போகிறது என்ற ஐயத்தை 2024 மே மாதம் ஒரு நிகழ்ச்சி கிளப்பியது. ஐஓஎஸ் 17.5 வெளியானதும், முன்பே அழித்த படங்கள் சிலருடைய நூலகத்தில் மீண்டும் தோன்றின. தரவுத்தளச் சிதைவினால் அரிதாக நேரும் கோளாறு என்று கூறி, ஒரு வாரத்துக்குள் 17.5.1 பதிப்பில் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. அதைப் படித்துவிட்டு, என் படங்களும் என்றாவது எழுந்து வரும் என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோளாறை நம்பிப் படம் எடுப்பது லாட்டரியை நம்பிக் கடன் வாங்குவதற்கு ஒப்பு.

மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவும் டிராப்பாக்ஸும் வேறு வகையில் இயங்குகின்றன. செல்பேசியிலிருந்து கேமரா படங்களை ஏற்றும் வசதி இரண்டிலுமே ஒருவழிப் பாதை. ஏற்றியபின் செல்பேசியின் கேலரியில் அந்தப் படத்தை நீக்கினால் மேலே உள்ள நகல் அப்படியே இருக்கும். காப்புப்பிரதி என்ற சொல்லுக்கு இவை நெருக்கமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். முகத்தை வைத்துத் தேடுவதிலும் அழகாகக் காட்டுவதிலும் மேற்சொன்ன இரண்டுக்கும் இவை ஈடல்ல என்பது என் கருத்து. ஆனால் என்னுடைய விரல் செய்த தவற்றை இவை தாங்கியிருக்கும்.

ஒன்டிரைவின் தனிநபர் கணக்கில் தொட்டியின் தவணை 30 நாள். அலுவலக, கல்விக் கணக்குகளில் வழக்கமாக 93 நாள். தனிநபர் கணக்கில் மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தொட்டி பெருத்துவிட்டால், பழையவை மூன்று நாளிலேயே தாமாக நீங்கத் தொடங்கும் என்ற விதியும் இருக்கிறது. 5 ஜிபி இலவசக் கணக்கில் பத்தில் ஒரு பங்கு என்றால் அரை ஜிபி. நீளமான காணொளிகள் இரண்டை அழித்தாலே எட்டிவிடும் அளவு. சந்தா கட்டுபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: முழுச் சேமிப்பையும் கடந்த 30 நாளில் ஏதேனும் ஒரு நேரத்துக்குப் பின்னோக்கித் திருப்பிவிடலாம். எந்தெந்தப் படங்களை அழித்தோம் என்றே நினைவில்லாதவருக்கு, ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்குவதைவிட இது எவ்வளவோ மேல். மிகுதியான கோப்புகள் ஒரே நேரத்தில் நீக்கப்பட்டால் மின்னஞ்சலில் தெரிவிக்கும் ஏற்பாடும் அங்கே இருக்கிறது. அப்படி ஒரு கடிதம் எனக்கு வந்திருந்தால் இந்த மதிப்புரையை எழுதியிருக்க மாட்டேன்.

டிராப்பாக்ஸைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இலவசக் கணக்கிலும் தொடக்கநிலைக் கட்டணக் கணக்கிலும் 30 நாள், தொழில்முறைக் கணக்குகளில் 180 நாள், அதற்கும் மேற்பட்ட சிலவற்றில் ஓராண்டு. முழுக் கோப்புறையைப் பின்னோக்கித் திருப்பும் வசதி கட்டணம் செலுத்துபவர்களுக்கு உண்டு. இலவச இடம் வெறும் 2 ஜிபி என்பதால் குடும்பப் படங்களுக்கு அதை நம்பிப் போக முடியாது.

தவணை முடிந்தபின் வாடிக்கையாளர் சேவையை அணுகினால் என்ன ஆகும்? நான் அணுகினேன். மூன்று நாள் கழித்து வந்த பதில், பணிவாகவும் இரண்டே வரியிலும் இருந்தது: நிரந்தரமாக நீக்கப்பட்டவற்றை மீட்க எங்களால் இயலாது. அவர்களுடைய வழங்கிகளின் ஏதோ ஒரு மூலையில் இருக்கத்தானே செய்யும், எடுத்துத் தர மனமில்லை என்றுதான் அன்று நினைத்தேன். பிறகு படித்தபோது, அந்த எண்ணம் பாதி சரி என்று தெரிந்தது. எடுத்துக்காட்டாக, ஒரு பயனர் நீக்கிய தரவு தன் சேமிப்புகளிலிருந்து முழுமையாக அகலப் பொதுவாக ஏறத்தாழ இரண்டு மாதம் ஆகும் என்றும், பேரிடரின்போது பயன்படுத்துவதற்காக மறையாக்கம் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) வைத்திருக்கும் நகல்களில் ஆறு மாதம்வரை தங்கக்கூடும் என்றும் கூகுள் தன் கொள்கைப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஆனால் அந்த நகல்கள் ஒரு தரவு மையமே வீழ்ந்தால் மொத்தத்தையும் எழுப்புவதற்காக வைத்திருப்பவை. அவற்றிலிருந்து ஒருவருடைய ஒரு படத்தை மட்டும் உருவித் தருவதற்காக அமைக்கப்பட்டவை அல்ல.

இதற்குச் சட்டத்தின் பக்கமும் உண்டு. 2018 மே 25 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடப்பில் உள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 17ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தரவை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிநபருக்குத் தருகிறது. அழி என்றால் உண்மையிலேயே அழிக்க வேண்டும் என்று கேட்பதும் நாம்தான், அழித்ததைத் திருப்பித் தா என்று கேட்பதும் நாம்தான். 30 நாள், 60 நாள் என்ற தவணைகள் இந்த இரண்டு கோரிக்கைகளுக்கும் நடுவே போட்ட கோடு. அந்தக் கோடு 30இல் இருப்பது எனக்குக் குறைவாகவே படுகிறது; ஒரு மாதத்துக்கு ஒருமுறைகூடப் பழைய படங்களைத் திறந்து பார்க்காதவர்களே பெரும்பாலோர். ஆப்பிளில் 2022 டிசம்பரில் அறிமுகமான மேம்பட்ட தரவுப் பாதுகாப்பை இயக்கியவர்களுக்கு நிலைமை இன்னும் கறாரானது: மறையாக்கச் சாவி நிறுவனத்திடமே இல்லாததால், கணக்கைத் திறக்கும் வழியைப் பயனர் தொலைத்துவிட்டால், தொட்டியின் தவணை முடியாவிட்டாலும் உள்ளே போக யாராலும் உதவ முடியாது. மீட்புத் தொடர்பு ஒருவரையோ மீட்புச் சாவியையோ முன்கூட்டியே அமைத்துவைக்கும்படி ஆப்பிள் வற்புறுத்துவது இதனால்தான்.

வாடிக்கையாளர் சேவை கைவிரித்த அன்றிரவு, எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன்: அழிந்த படங்களை மீட்கும் மென்பொருள்களைத் தேடினேன். இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிறிஸ்டோஃப் கிரெனியர் உருவாக்கிய ஃபோட்டோரெக் போன்ற இலவசத் திறமூல மென்பொருள்கள் போலி அல்ல. ஒரு நினைவக அட்டையில் கோப்பை நீக்கும்போது பெரும்பாலும் பெயர்ப்பட்டியலில் உள்ள குறிப்புதான் போகிறது, படத்தின் தரவு அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை கிடக்கிறது. ஃபோட்டோரெக் பெயர்ப்பட்டியலை நம்பாமல், ஜேபெக் கோப்புகளுக்கே உரிய தொடக்க அடையாளத்தை வட்டு முழுவதும் தேடிப் பிடித்துப் படத்தை வெளியே எடுக்கிறது. கோப்பின் பழைய பெயர் மட்டும் கிடைக்காது. கேமராவின் அட்டையை உடனே வெளியே எடுத்து, அதில் வேறெதுவும் எழுதாமல் இதை ஓட்டினால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இதே வித்தை இன்றைய செல்பேசியின் உள் நினைவகத்தில் பலிக்காது. அங்கே கோப்புகள் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கின்றன. கோப்பு நீங்கும்போது அதைத் திறக்கும் சாவியும் போய்விடுகிறது. காலியான பகுதிகளை இயங்குதளமே அவ்வப்போது துடைத்தும் வைக்கிறது. மேகச் சேமிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொலைதூரத் தரவு மையத்தில் இருக்கும் வட்டை நம் கணினியில் ஓடும் எந்த மென்பொருளாலும் தொட முடியாது. இருந்தும், மேலிருந்து நிரந்தரமாக அழிந்த படங்களையும் மீட்டுத் தருவோம் என்று விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். நான் இறக்கிய ஒன்று, என் செல்பேசியை ஆராய்ந்து 2,000 படங்கள் கிடைத்தன என்று சிறு உருவங்களாக வரிசையாகக் காட்டிவிட்டு, பெற்றுக்கொள்ளப் பணம் கட்டு என்றது. உற்றுப் பார்த்தால் அவை செயலிகள் தற்காலிகமாகச் சேர்த்துவைத்த தபால்தலை அளவுப் படங்கள். பாதிக்கு மேல் என்னுடையவையே அல்ல, செய்திச் செயலிகளில் வந்த விளம்பரப் படங்கள். இன்னொன்று, ஆராய்வதற்காக என் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டது. அதோடு கணினியை மூடிவிட்டேன். கடவுச்சொல்லைக் கேட்கும் மீட்புச் சேவை மீட்பது எதை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனக்குக் கிடைத்த மீட்பு, எந்த நிறுவனத்தின் பட்டியலிலும் இல்லாத இடத்திலிருந்து வந்தது. தங்கைதான் கேட்டாள்: “அக்கா, அந்தப் பழைய டேப்லெட் அலமாரியில்தானே கிடக்கிறது, அதைத் திறந்து பார்த்தாயா?” அழித்த நாளுக்கு மூன்று மாதம் முன்பே மின்சாரம் தீர்ந்து அணைந்துபோன கருவி அது. நீக்கு என்ற செய்தி இன்னும் அதன் காதுக்கு எட்டியிருக்காது. ஆனால் இயக்கிய மறுநொடியே பழக்கப்பட்ட வைஃபையோடு தானாக இணைந்து, என் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துவிடும் என்பதால், விமானப் பயன்முறையைத் தேடிக்கொண்டிருக்க அவகாசம் இருக்காது. எனவே முதலில் வீட்டின் ரௌட்டரை மின்இணைப்பிலிருந்து பிடுங்கினோம், பிறகு டேப்லெட்டை இயக்கினோம். படங்கள் இருந்தன. முழு அளவில் இல்லை, திரைக்கு ஏற்பச் சுருக்கிய அளவில், ஆனால் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து கம்பி வழியாகக் கணினிக்கு மாற்றி, நள்ளிரவுக்குள் 412 படங்களைக் கரைசேர்த்தோம். மீதிக்கு வெற்றுச் சாம்பல் கட்டங்களே தெரிந்தன.

அடுத்து வாட்ஸ்அப். நாம் அனுப்பிய படங்களின் நகல், பெற்றவரின் செல்பேசியில் தனிக் கோப்பாகக் கிடக்கும். நம் சேமிப்புச் சேவையில் நாம் செய்யும் எதுவும் அதைப் பாதிக்காது. உறவினர்களிடமும் நண்பர்களிடமும் கேட்டதில் மேலும் ஏறத்தாழ 120 கிடைத்தன. அவை அளவு சுருங்கி, எடுக்கப்பட்ட நாள், இடம் முதலிய குறிப்புகள் உதிர்ந்து வந்தவை. கூகுள் ஃபோட்டோஸின் பகிர்ந்த ஆல்பங்களிலும் இதே தர்க்கம் உண்டு: உரியவர் நீக்கினால் ஆல்பத்திலிருந்தும் படம் போய்விடும், ஆனால் அதற்குமுன் தம் நூலகத்தில் சேமித்துக்கொண்டவர்களின் நகல் அவர்களிடமே இருக்கும். நல்ல தரத்தில் திரும்பக் கிடைத்த சில படங்கள், ஒரு தோழி அப்படிச் சேமித்துவைத்தவை.

இவ்வளவுக்கும் பிறகு தேர்வு என்று கேட்டால், ஒரே ஒரு சேவையை மட்டும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும், வீட்டில் பலர் தொடும் செல்பேசிக்கும் கூகுள் ஃபோட்டோஸையே சொல்வேன், 60 நாளும் ஆல்பத்தோடு திரும்பும் வசதியும் காரணம். ஐபோன் வைத்திருப்பவர்கள் ஐகிளவுட்டிலேயே இருக்கலாம், ஆனால் சேமிப்பிடம் எப்போதும் வரம்புக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டு, கணினி ஒன்றில் மூலப் படங்களை முழு அளவில் இறக்கிவைக்க வேண்டும். இரண்டாவது கூடையாக, ஒருவழியாக மட்டும் ஏற்றும் ஒன்டிரைவோ டிராப்பாக்ஸோ இருந்தால் முதல் சேவையின் தவணையைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். கூகுளைப் பயன்படுத்துவோர், தம் தரவின் நகலை இறக்கிக்கொள்ள உதவும் டேக்அவுட் வசதியில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என ஓராண்டுக்குத் தானாக ஏற்றுமதி ஆகும்படியும் அமைக்கலாம். இறக்கிக்கொள்ளும் இணைப்பு ஏறத்தாழ ஒரு வாரத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், மின்னஞ்சல் வந்த அன்றே இறக்கிவிடுவது நல்லது. செயலியில் நாம் திருத்திய தேதி, சேர்த்த குறிப்பு போன்ற விவரங்கள் படத்தோடு ஒட்டாமல் பக்கத்தில் தனிக் கோப்புகளாக வருவது அதன் பெரிய தொல்லை.

தேதி என்றதும் எனக்கு மிச்சமிருக்கும் வேலை நினைவுக்கு வருகிறது. டேப்லெட்டிலிருந்தும் வாட்ஸ்அப்பிலிருந்தும் மீண்ட படங்கள் எல்லாம், மீட்கப்பட்ட நாளையே எடுக்கப்பட்ட நாளாகக் காட்டுகின்றன. நூலகத்தில் ஒரே நாளில் இரண்டு பிறந்தநாள்கள், ஒரு மழைக்காலம், ஒரு மருத்துவமனை வாசம், மூன்று பயணங்கள். கூகுள் ஃபோட்டோஸிலும் ஆப்பிளின் செயலியிலும் தேதியைத் திருத்த முடிகிறது, பலவற்றைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒன்றாக நகர்த்தவும் முடிகிறது. ஆனால் எந்தப் படம் எந்த நாளுக்குரியது என்பதைச் சட்டையின் நிறத்தையும் குழந்தையின் முடி நீளத்தையும் வைத்து நாங்களேதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு தோறும் தங்கையோடு தொலைபேசியில் பேசியபடியே இருபது முப்பது படங்களுக்குத் தேதி போட்டுவருகிறேன். இன்னும் 190 இருக்கின்றன.